கடுகளவு இரண்டு குழிகள்

அந்தக் கார் எண்ணெய் ஒழுகுவதை வீட்டில் யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. மூக்கு ஒழுகுகிற பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டா ஓடுகிறோம்? காருக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார்கள். அட்டை ஊறிக் கறுத்ததும் வேறு அட்டை. இருபத்தெட்டு வயதுக் கார். வாங்கியபோது நீலம், இப்போது என்ன நிறம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இடது பக்கக் கண்ணாடியை உள்ளங்கையால் தள்ளி ஏற்ற வேண்டும். பின்கதவைத் தூக்கிச் சாத்தாவிட்டால் சாத்திக்கொள்ளாது. ஆனால் சாவியைத் திருப்பினால் அது ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை.

மாதம் ஒரு அட்டை என்றிருந்தது வாரம் ஒரு அட்டையாகி, அப்புறம் இரண்டு நாளுக்கு ஒன்றானபோதுதான் கவலை வந்தது. அது வந்த நேரமும் அப்படிப்பட்ட நேரம்.

வீட்டுக்கார அம்மாள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவள். மற்றவர்கள் கையெழுத்துப் போட, இவள் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் மலைமேல் இருக்கிற நீரேற்று நிலையத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அவளைத் தலைவியாகப் போட்டு உத்தரவு வந்திருந்தது. நாற்பது கிலோமீட்டர் ஏற்றம், பஸ் கிடையாது. வழியில் ஏழு தொட்டிகளில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், 'சொந்த வாகனம் உண்டு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியோடு வந்து பொறுப்பேற்க வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயர் என்று உத்தரவிலேயே போட்டிருந்தார்கள். அந்த அடுத்த பெயர்க்காரர் வெள்ளிக்கிழமை அவளிடம் வந்து, "வண்டி நல்லா இருக்கில்ல மேடம்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

தெரு மெக்கானிக் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த சனிக்கிழமைதான் வருவார். "நானே பாத்துக்கறேன்" என்று சொன்னது அவள் புருஷன், டாக்டர்.

அவர் டாக்டர் இல்லை. உண்மையான பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்பினால், அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உயிருள்ள வாயை அவர் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் மறுத்துச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார். கை சுத்தமான கை. அவர் செய்த பல்லில் ஒரு சொரசொரப்பைக் கண்டுபிடித்தவன் இல்லை. கடிக்கும்போது சரியாக உட்காரவில்லை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். மெக்கானிக்கே இரண்டு வருடமாக, "மேல்செட்டு இடது பக்கம் வலிக்குது டாக்டரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பழகிடும் அண்ணே" என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சினின் முன்பக்கத்தில், மூடிக்குப் பின்னால் இருக்கிற தகட்டில்தான் கசிவு. தகட்டுக்கு அடியில் இருக்கிற மெல்லிய அடைப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார். வீடியோவில் ஒருவர் ரேடியேட்டரை ஆறு நிமிடத்தில் கழற்றினார். அவர் வைத்திருந்தது நேற்றுப் பிறந்த கார். இவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு போல்ட்டின் தலை உருண்டு வழுக்கியது. "வாயைத் திற கண்ணா, கொஞ்சமாத் திற" என்று அதைக் கெஞ்சினார். அது திறக்கவில்லை, இவர் முட்டியில் தோல்தான் உரிந்தது. பத்தாம் நம்பர் ஸ்பானர் கையில் இருந்தது, அடுத்த நொடி இல்லை. எஞ்சினுக்குள் எங்கேயோ 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது, ஆனால் தரையில் எதுவும் வந்து விழவில்லை. வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து இண்டு இடுக்கெல்லாம் தேடி, முக்கால் மணி நேரம் கழித்து இடுக்கியால் வெளியே எடுத்தார். எடுத்த ஸ்பானரைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இன்னும் பத்து நிமிடம் அதையே தேடினார்.

ஆனால் ஒழுங்கு தெரிந்த மனிதர். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் வரிசையாக வைத்து, தாடை அச்சில் பற்களுக்குப் போடுவதுபோல் போல்ட்டுகளுக்கு நம்பர் போட்டிருந்தார். போட்டோவும் எடுத்தார்.

நாலு மணிக்கு மூடி கழன்றது. உள்ளே தார் மாதிரி கறுப்பு. துணியால் ஒரு துடை துடைத்தார். கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பல்சக்கரம் தெரிந்தது, சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம் இருக்கும். அதன் கீழே உள்ளங்கை அளவில் இன்னொன்று, பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு. ஸ்பானரால் கீழ்ச்சக்கரத்தை மெல்லத் திருப்பினார். பெரியது எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. சத்தமே இல்லை. சிறியது இரண்டு சுற்றுச் சுற்றினால் பெரியது சரியாக ஒரு சுற்று. உள்ளே எங்கேயோ வால்வுகள் மூச்சு விடுவதுபோல் திறந்து மூடின. இருபத்தெட்டு வருடமாக இதன்மேல் உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்டிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், ஒரு நாள்கூட இது உள்ளே இருக்கிறது என்று நினைத்ததில்லையே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இங்க வந்து பாரேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். அளக்காமல் எதையும் வியக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உத்தரவு வந்த உறையின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டாள்.

"கிலோமீட்டருக்கு ரெண்டாயிரத்து முன்னூறு சுத்துன்னு வைங்க. ரெண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. அம்பது கோடி தாண்டுதுங்க."

"அம்பது கோடி தடவையா?"

"ஒரு தடவைகூடத் தப்பாம. வீட்டு ஸ்விட்ச் ரெண்டு வருஷம் தாங்க மாட்டேங்குது."

இருவரும் அந்தக் கறுப்புப் பள்ளத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்கள். அவள் உள்ளே போன பிறகும் இவருக்கு ஆசை அடங்கவில்லை. பின்னால் இருக்கிற தகட்டுக்காகச் சக்கரங்களைக் கழற்றிய கையோடு, அவை மாட்டியிருந்த தண்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே சுழற்றிப் பார்த்தார். எப்படித்தான் சுற்றுகிறது பார்ப்போமே என்றுதான். ஒரு இடத்தில் உள்ளே 'டொக்' என்று எதுவோ முட்டியது. திருப்பி விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சக்கரங்களையும் பட்டறைக்குக் கொண்டுபோனார். அழுக்கோடு எதையும் திருப்பி மாட்டுவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். முகப்பில் துரு இருந்தது, தேய்த்தார். பெரிய சக்கரத்தின் ஓரத்தில் கடுகளவு ஒரு குழி. சிறியதிலும் அதேபோல் ஒன்று. குழி என்றால் அவருக்கு ஆகாது. பல்லில் குழி இருந்தால் அதில் அழுக்குத் தங்கும், நாற்றம் வரும், ஆள் திரும்பி வருவான். கல்லை வைத்து இரண்டு குழியையும் மட்டமாகும்வரை இழைத்து எடுத்தார். அதன்மேல் பாலிஷ். பத்து மணிக்கு அந்தச் சக்கரத்தில் தன் மூக்கைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இவ்வளவு அழகான வேலையை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

மாட்டுவதற்கு முன்னால் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஒரு நிமிஷம் டாக்டரே, பல்லைக் கழட்டி வச்சுக்கறேன். மாட்டிக்கிட்டுப் பேசினா வலிக்குது." கொஞ்ச நேரம் கழித்துக் குழறலாகக் குரல் வந்தது. "சொல்லுங்க."

"எல்லாத்தையும் திருப்பி மாட்டப் போறேன் அண்ணே. எதாவது கவனிக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணுதான். பெரிய சக்கரத்துல ஒரு புள்ளி, சின்னதுல ஒரு புள்ளி. ஆணி வச்சுத் தட்டின மாதிரி குட்டியா குழி இருக்கும். ரெண்டும் நேருக்கு நேர் பாத்துக்கணும். அதை மட்டும் சரியா வச்சுட்டீங்கன்னா மீதியைக் கண்ணை மூடிட்டு மாட்டிடலாம்."

டாக்டர் சக்கரத்தைப் பார்த்தார். அவருடைய முகம்தான் அதில் தெரிந்தது.

"தப்பா வச்சீங்க, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அதோட எஞ்சின் காலி. டாக்டரே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணே. அந்தக் குழிய நான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"பாலிஷ் போட்டுட்டேன்."

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். டேங்க்ல தண்ணி ஊத்தினவனைப் பாத்திருக்கேன். டயரைத் திருப்பி மாட்டினவனைப் பாத்திருக்கேன். புள்ளிக்குப் பாலிஷ் போட்ட ஆளை இப்பதான் கேள்விப்படறேன்."

"வேற வழி இருக்கா?"

"அந்தச் சக்கரம் புதுசா வர்றது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் வந்து கருவி வச்சு அளந்து பாக்கணும். சனிக்கிழமைக்கு முன்னாடி முடியாது."

"நாளைக்கு வண்டி வேணுமே அண்ணே."

"கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க" என்றார் மெக்கானிக். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் டாக்டருக்குச் சுருக்கென்றது.

மனைவியிடம் சொல்லியாக வேண்டும். அவள் அடுத்த அறையில் மறுநாளுக்கான மாதிரிக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு தொட்டிக்கு ஏழு குப்பி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சீட்டுகளில் அவள் கையெழுத்து மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இருந்தும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சக்கரத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க" என்றாள்.

அவருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

"போட்டோ எடுத்தீங்களே?"

காட்டினார். பன்னிரண்டு போட்டோவிலும் தார். அவள் உட்கார்ந்தாள். ஒரு குப்பியின் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "பல்லைத் தேய்ச்சீங்களா?" என்று கேட்டாள். மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"இல்ல. சக்கரத்தோட பல்லிடுக்குல என் கல்லு போகாது. முகப்பை மட்டும்தான் தேய்ச்சேன்."

"அப்ப அங்க இருந்தது அப்படியேதான இருக்கும்?"

டாக்டர் அவளையே பார்த்தார். பல்லில்லாதவர் ஒருவர் பழைய செட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், எந்தப் பல் எந்தப் பல்லோடு முட்டியது என்று தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று தொழிலில் சேர்ந்த முதல் மாதம் படித்தது. படித்ததோடு சரி. அவர் பார்ப்பது பளபளப்பைத்தான்.

"ஒரு நிமிஷம். சின்னதுல எத்தனை பல்லு?" என்று கேட்டாள் அவள்.

எண்ணினார்கள். இருபத்திரண்டு. பெரியதில் நாற்பத்து நாலு. அவள் பேனாவை எடுக்கவில்லை, கணக்கு வாயிலேயே வந்துவிட்டது.

"சரியா ரெண்டு மடங்குங்க. அப்படின்னா சின்னதுல இருக்கற ஒரு பல்லு, பெரியதுல எப்பவும் அதே ரெண்டு பல்லைத்தான் தொட்டிருக்கும். மூணாவது ஒண்ணை அது பாத்ததே இல்ல."

"இருபத்தெட்டு வருஷமும்?"

"அம்பது கோடி தடவையும்."

கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டர் சிறிய சக்கரத்தை விளக்குக்கு அடியில் வைத்தார். ஒவ்வொரு பல்லின் பக்கமும் தேய்ந்து, ஆற்றுக் கல்லைப்போல் வழவழப்பாக இருந்தது. எட்டாவது பல்லில் நின்றார். அதன் விலாவில் ஒரு சின்ன மேடு இருந்தது, செய்தபோதே வந்த வார்ப்புக் குறை. மயிரிழை உயரம்தான், நகத்தால் தடவினால்தான் தெரியும். எந்தப் பட்டறையிலோ எவனோ கவனிக்காமல் விட்ட குறை.

அவர் பெரிய சக்கரத்தை எடுத்தார். ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். பதிமூன்றாவது பல்லில், அதே உயரத்தில், ஒரு பள்ளம். அரிசியின் மூக்களவு. அங்கிருந்து இருபத்திரண்டு எண்ணினார். முப்பத்தைந்தாவது பல்லிலும் அதே பள்ளம் இருந்தது. மற்ற நாற்பத்திரண்டில் ஒன்றிலும் இல்லை.

"இருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றி மனைவி கண்ணில் மாட்டிவிட்டார். அவள் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பார்த்துப் பழகிய கண், எதற்கும் அசராத கண். அந்தக் கண் கலங்கியது.

அந்த மேடு இரும்பை அடித்துக் குடையவில்லை. தினமும் அதே இடத்தில் தொட்டது, அவ்வளவுதான். இவர்கள் கல்யாணமாகி வந்த நாளில், பிள்ளை பெற்று வந்த நாளில், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாள்களில், எல்லா நாளும் அந்த எட்டாவது பல் தன்னுடைய இரண்டு பல்லைத் தேடிப் போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது டாக்டருக்கு. பேசினால் தப்பு என்று தோன்றியது.

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. "சரி பாத்தீங்களா? கண்ணுல பட்டதை நம்பி என் எஞ்சினைச் சுத்தாதீங்க."

சரி பார்க்கவும் அவரிடம் ஒன்று இருந்தது. எந்தப் பல் எங்கே முட்டுகிறது என்று கடிக்கவைத்துப் பார்க்கிற நீலக் காகிதம், வெங்காயச் சருகைவிட மெல்லிசு. சக்கரங்களை மேஜைமேல் கோத்து வைத்து, நடுவில் காகிதத்தைக் கொடுத்து உருட்டினார். ஒரு பல் தள்ளி வைத்தால் மேடு குத்திக் காகிதம் ஓட்டையானது. பதிமூன்றில் வைத்தால் கிழியவில்லை. முப்பத்தைந்தில் வைத்தாலும் கிழியவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் கிழிந்தது. அந்த இரண்டில் எதில் வைத்தாலும் ஒன்றுதான், அடுத்த சுற்றில் மற்றதற்குத்தான் போகும். அவள் நாற்பத்து நாலு துண்டையும் வரிசையாக ஒட்டவைத்து, நம்பர் போடச் சொல்லி, அதன் பிறகுதான் தலையாட்டினாள்.

"இப்ப ஒரு அடையாளம் போடுங்க."

டாக்டர் துளைபோடும் ஊசியை எடுத்தார். கண்ணாடி மாதிரி மின்னுகிற அந்தப் பரப்பைப் பார்த்தார். முப்பது வருடத் தொழிலில் குழியை அடைத்திருக்கிறார், இழைத்திருக்கிறார். தன் கையால் ஒரு குழி போட்டதில்லை. பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று, கடுகளவு போட்டார். மனம் வலிக்கத்தான் செய்தது.

தண்டில் ஒரு விதமாக மட்டுமே உட்காரும் சக்கரங்களை, புது அடைப்பையும் வைத்து, மாட்டி முடிக்க மாலை நாலு மணி ஆனது. குழியும் குழியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. மூடியைப் போடுவதற்கு முன்னால் ஸ்பானரை வைத்து இரண்டு முழுச் சுற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் திருப்பினார். நேற்று 'டொக்' என்று முட்டிய சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது வரவில்லை. வால்வுகள் திறந்தன, மூடின.

மனைவி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை. இவ்வளவும் செய்து, இந்தக் கார் முதல் தடவையாக முடியாது என்று சொல்கிறதே என்று டாக்டர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க."

"சொல்லு."

"பேட்டரி ஒயரு வெளிய தொங்குது."

மாட்டினார். மறுபடி திருப்பினாள். அது ஒரு தடவை இருமிவிட்டு, நேற்றைக்கு முந்தின நாள் எப்படிப் பேசியதோ அப்படியே பேச ஆரம்பித்தது. மனைவி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டாக்டர் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். தகரத்துக்குப் பின்னால், இருட்டில், அந்தப் பல் போய்த் தொட்டுவிட்டு வருவது கையில் தெரிவதாக அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. விஞ்ஞானப்படி அது தெரியாது. தெரிந்தது என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்பினாள். ஏழு குப்பிகளும் பின்சீட்டில் இருந்தன. பின்கதவை அவர் தூக்கிச் சாத்தினார். ஏழே முக்காலுக்குப் போன் வந்தது.

"வந்துட்டேன். ஏழு தொட்டியும் பாத்தாச்சு. வண்டிக்கு அடியில ஒரு வெள்ளைக் காகிதம் விரிச்சு வச்சிருக்கேன், சாயங்காலம் அளந்து சொல்றேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கதவுல என் பேரு போட்டிருக்காங்கங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு டாக்டர் பட்டறைக்குள் போனார். அலமாரியின் மேல்தட்டில் டப்பாக்கள் இருந்தன. மெக்கானிக் இரண்டு வருடத்துக்கு முன்னால் மாதிரிக்கென்று கொடுத்த பழைய பல்செட் அதில் ஒன்றில் கிடந்தது. விளக்குக்கு அடியில் வைத்துக் கண்ணாடியை மாட்டினார். இடது பக்கம் மேல்வரிசை முழுக்கச் சரிவாகத் தேய்ந்திருந்தது. இரண்டு கையும் எஞ்சினுக்குள் இருக்கும்போது திருகாணியை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், டாக்டரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். புது செட்டைச் செய்யும்போது அந்தச் சரிவைக் குறை என்று நினைத்து நேராக்கி, உயர்த்தி, முத்துப்போல் மின்ன மின்னக் கொடுத்தது அவர்தான்.

போன் போட்டார்.

"வண்டி ஓடுச்சா டாக்டரே?"

"ஓடுச்சு அண்ணே. மேல போய்ச் சேந்துட்டா. எப்படின்னு நேர்ல சொல்றேன். சனிக்கிழமை வரும்போது பல்செட்டை எடுத்துட்டு வாங்க."

"ஏன், பாலிஷ் போடவா?"

"இல்ல. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

மறுமுனையில் பல்லைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக்.